இரண்டாம் போகம் அறுத்த கையோடு

பங்குனியில் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கதிர் அறுக்கும் மெஷின் சத்தம்தான். நெல் களத்துக்கு வந்ததும் வயலை மறந்துவிடுகிறோம். ஜூனில் முல்லைப் பெரியாறு தண்ணீர் திறக்கும்வரை கிடைக்கும் இந்த இடைவெளியில் செய்கிற வேலைதான் முதல் போகத்தில் மூட்டையாக வருகிறது என்பது என் அனுபவம்.

அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஈர வயலில் மெஷின் இறங்கினால் தடம் பதிந்த இடத்தில் மண் இறுகிவிடும். அடுத்த போகத்தில் அந்தத் தடத்தில் பயிர் தேங்கி நிற்கும். அறுத்த நெல்லையும் நன்றாகக் காயவையுங்கள்; அரசு கொள்முதல் நிலையத்தில் பொதுவாக 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுப்பதில்லை. கோடை மழை எந்தச் சாயங்காலமும் மலையிலிருந்து இறங்கலாம் என்பதால் தார்ப்பாய் களத்திலேயே இருக்கட்டும்.

வைக்கோலுக்குக் குமுளி வழியாகக் கேரளத்தில் நல்ல கிராக்கி. விற்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது கைச்செலவுக்கான காசு. ஆனால் பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு போகமும் முழுதாகக் கட்டி அனுப்பினால் மண் மெலியும். ஒரு பங்காவது வயலில் விட்டு மடக்கி உழுங்கள். தாளுக்குத் தீ மட்டும் வைக்காதீர்கள்.

கிணறோ போரோ இருப்பவர்கள் சித்திரை பிறந்ததும் தக்கைப்பூண்டு விதைத்துவிட வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ விதை. ஒரு மாதச் செடியை மெல்லப் பிடுங்கி வேரைப் பாருங்கள்: முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். அந்த நிறம் இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது மண்ணில் சேர்க்கிறது என்று அர்த்தம். 45-ஆம் நாள் வாக்கில், பூ எடுக்கும்போதே மடக்கி உழ வேண்டும். தண்டு முற்றி நாராகிவிட்டால் சீக்கிரம் மட்காது, நடவுக்கும் இடைஞ்சல். 2024-இல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியம் உண்டு. வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். மண் மாதிரி எடுப்பதாக இருந்தால் உரம் எதுவும் போடாத இந்த நாட்களே சரியான சமயம்.

கிணறு இல்லாதவர்கள் முதல் கோடை மழை ஈரத்தில் ஒரு உழவாவது ஓட்டிவிடுங்கள். வருஷம் முழுக்க ரோட்டவேட்டரை மட்டுமே ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது மேல்மண்ணைத் தூளாக்கும், அடியில் மண் இறுகிப்போகும்.

ஆண்டிபட்டி, போடி பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குக் கோடை உழவு இன்னும் முக்கியம். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. உழும்போது அது மேலே வந்து வெயிலில் காயும். டிராக்டர் பின்னாலேயே வரும் கொக்கும் மைனாவும் மிச்சத்தைப் பொறுக்கிவிடும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் அதே வாரத்தில் உழச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் உழுதால் அந்துப்பூச்சி அடுத்த காட்டிலிருந்து பறந்து வந்துவிடும்.