பாப்பாவின் பசி பாப்பாவுக்குத் தெரியும்

அன்பு மருமகனே,

அத்தை எழுதுகிறேன். அம்மா ஹார்பர் லைன் ரயில் பிடித்து நெருள் வந்து சேர இரவு எட்டாகிறது, அதுவரை மூன்று வயதுப் பாப்பா உன் பொறுப்பு என்று அப்பா சொன்னார். பத்தாம் வகுப்புப் படிப்புக்கு நடுவே நீ அவளைப் பார்த்துக்கொள்வது பெரிய காரியம். ஆனால் சோறு வேண்டாம் என்று அவள் அழுதால் சிப்ஸ் பாக்கெட் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றாயே, அது என் மனசை விட்டுப் போகவில்லை.

பாப்பா குறைவாகத் தின்பதைக் கண்டு முதலில் பயப்படாதே. மூன்று கிலோவில் பிறக்கும் பிள்ளை ஒரே வருஷத்தில் ஒன்பது கிலோவைத் தொடும். இரண்டு வயதுக்குப் பிறகு வருஷத்துக்குச் சுமார் இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானப்பட்டால் பசியும் நிதானப்படும். நான் வேலை பார்க்கும் தாராவி அங்கன்வாடியில் பிள்ளைகளின் மேல்கையை ஒரு வண்ண நாடாவால் அளப்போம். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை, அதாவது கவலையில்லை; 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது ஆபத்து. பச்சையில் இருக்கும் பிள்ளையின் வாயைப் பிடித்துத் திணிக்கிற தாய்மார்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகள் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார். என்ன உணவு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர் பொறுப்பு. தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. உங்கள் வீட்டில் மாலை நேரத்துப் பெரியவன் நீதான். நாலரைக்கு ஒரு சிற்றுண்டி, ஏழரைக்குச் சோறு. நடுவில் தண்ணீர் மட்டும். சிப்ஸும் காரி பிஸ்கட்டும் வயிற்றை அடைத்த பிறகு எந்தப் பிள்ளைக்குப் பருப்புச்சாதம் இறங்கும்?

டீ வேண்டவே வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. டப்பாவில் வரும் சாக்லேட் மாவை நம்பிப் பாலில் கலந்தும் கொடுக்காதே. அத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைத்து விற்கக் கூடாதென்று இணையக் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

சிற்றுண்டிக்கு நம் கேழ்வரகு, அதாவது இங்கே கடையில் நாச்ணி என்று கேட்டால் தருவார்கள், அதில் அம்மாவைக் கூழோ அடையோ செய்து வைக்கச் சொல். முளைகட்டிய மட்கிப் பயறு, அவித்த முட்டை, வாழைப்பழம், எதுவும் சரி. கடலையை மட்டும் இடித்துக் கொடு. இந்த வயதில் முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளலாம்.

புதிய உணவை அவள் தள்ளினால், 'பிடிக்காது' என்று முடிவு கட்டாதே. லீயான் பர்ச் என்ற உளவியலாளர் 1980-களில் சின்னப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்: திரும்பத் திரும்பச் சுவைத்த உணவுதான் பிடித்துப்போகிறது. பத்து தடவைக்கு மேல்கூட ஆகலாம். 'இதைத் தின்றால் சாக்லேட்' என்று ஆசை காட்டினாலோ, தின்ன வைத்த உணவின் மேல் இருக்கும் விருப்பமும் குறைகிறது. எங்கள் அங்கன்வாடியில் ஒரு சின்னவள் முளைப்பயறுக் கறியான உசலைத் தொடவே மாட்டாள். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் தினமும் ஒரு கரண்டி வைத்தோம். ஒருநாள் பக்கத்துப் பையன் தின்பதைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு முளைப்பயறை எடுத்து, தோலை உரித்து, வாயில் போட்டாள். மறுவாரம் கரண்டி காலி.

அதனால் செல்போனை அணைத்துவிட்டு நீயும் அதே உணவோடு அவள் பக்கத்தில் உட்கார். கால் மணி நேரம் போதும். அவள் போதும் என்றால் தட்டை எடுத்துவிடு, திட்டாதே. மாதம் ஒருமுறை பக்கத்து அங்கன்வாடியில் எடை பார்க்க அம்மாவிடம் சொல். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அத்தை