பட்ட மரமும் கலைமான் வண்டும்

பட்டுப்போன மரம் விறகுக்கன்றி வேறெதற்கும் ஆகாது என்று கருதுவது உலக வழக்கு. ஆயினும், அம்மரத்தையே உறைவிடமாகவும் உணவாகவும் கொண்டு வாழும் உயிர்கள் பல உள. ஐரோப்பாவில் வாழும் கலைமான் வண்டு அவற்றுள் ஒன்றாகும்.

ஆண் வண்டின் தலையில் மான்கொம்பு போன்ற இரண்டு உறுப்புகள் நீண்டிருக்கும். அவை உண்மையில் கொம்புகள் அல்ல. பெருத்து வளர்ந்த தாடைகளே. அவற்றையும் சேர்த்து அளந்தால், பெரிய ஆண் வண்டு 7 செண்டிமீட்டருக்கு மேலும் நீளமிருக்கும். பெண் வண்டை அடைவதற்காக ஆண் வண்டுகள் போரிடும்போது, தாடைகளால் ஒன்றையொன்று பற்றித் தூக்கி எறிய முயலும்.

பெண் வண்டு, ஓக் முதலிய மரங்களின் மட்கிய அடிக்கட்டையை அடுத்து மண்ணுக்குள் முட்டையிடும். முட்டையினின்றும் வெண்ணிறப் புழு வெளிப்படும். உயிருள்ள மரத்தை இப்புழு தீண்டுவதில்லை. பூசணம் படர்ந்து மென்மையாகிவிட்ட மரமே இதற்கு உணவு. அவ்வுணவில் சத்து குறைவு; ஆதலால் புழு முழு வளர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். சில புழுக்களுக்கு 6 ஆண்டுகள்கூடத் தேவைப்படும். பின்னர் அது மண்ணிலே கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகி, இலையுதிர்காலத்தில் வண்டாக மாறும். குளிர்காலம் முழுவதும் மண்ணுள் தங்கியிருந்து, அடுத்த கோடையில் வெளியே வரும். அக்கோடையிலேயே இணைசேர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடும்.

இப்புழுக்கள் மரத்தை அரைத்துத் தூளாக்குகின்றன. அத்தூள் மண்ணோடு கலந்து, இனி முளைக்கும் செடிகொடிகளுக்கு எருவாகின்றது. இறந்த மரத்தின் சத்து இவ்வாறு உயிருள்ள மரத்தைச் சென்று சேர்கின்றது.

தோட்டமும் காடும் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்று எண்ணிய மக்கள், பட்ட மரங்களை வெட்டி அகற்றினர். அடிக்கட்டைகளையும் தோண்டி எடுத்தனர். ஒரே கட்டையை அண்டி வெவ்வேறு வயதுள்ள புழுக்கள் வாழக்கூடும். அதனைப் பெயர்த்தெடுத்தால், பல கோடைகளில் வெளிவர வேண்டிய வண்டுகள் ஒரே நாளில் அழிந்துபோகும். இதனால் பல இடங்களில் இவ்வினம் அருகிவிட்டது. 1992-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சமூகம், காக்கப்பட வேண்டிய உயிரினங்களின் பட்டியலில் இவ்வண்டையும் சேர்த்தது. இங்கிலாந்தில் இன்று சிலர் தம் தோட்டங்களில் அடிக்கட்டைகளை அகற்றாது விட்டுவைக்கின்றனர். வேறு சிலர் மரத்துண்டுகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து வைக்கின்றனர்.

புதிய மரக்கன்றை ஒரே நாளில் நட்டுவிடலாம். ஆனால் அது வளர்ந்து, முதிர்ந்து, பட்டு, மட்கி, ஒரு புழுவுக்கு உணவாவதற்கு நூறாண்டுகளும் ஆகலாம். ஆதலின், பயனற்றது என ஒன்றை ஒதுக்குமுன், அதனை நம்பி வாழும் உயிர் எது என்று ஆராய்தல் அறிவுடையோர் கடனாகும்.