அலைகள் அரிக்கும் நகரம்

இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அங்கே தெருவுக்குப் பதில் கால்வாய். பேருந்துக்குப் பதில் படகு. குப்பையைக்கூடக் கைவண்டியில் திரட்டிப் படகில்தான் ஏற்றுகிறார்கள். பல நூற்றாண்டுகள் துடுப்புப் படகுகளே ஓடிய அக்கால்வாய்களில் இன்று சுற்றுலாப் பயணிகளோடும் அவர்களுக்கான சரக்குகளோடும் மோட்டார்ப் படகுகள் விரைகின்றன. அதனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா?

அலையின் ஆற்றல் அதன் வீச்சின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். துடுப்புப் படகின் அலை வீச்சு 5 செ.மீ. என்றும், மோட்டார்ப் படகினுடையது 20 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். வீச்சு 4 மடங்குதான்; ஆற்றலோ 16 மடங்கு! கடற்கரை அலை மணலில் ஏறி ஓய்ந்துவிடும். கால்வாயிலோ இருபுறமும் செங்குத்துச் சுவர்கள். ஒன்றில் மோதிய அலை மீண்டு மற்றதையும் தாக்கும். முதலில் சாந்து கரையும், பிறகு கல் பெயரும்.

அக்காலக் கொத்தனார்கள் கெட்டிக்காரர்கள். நீர் எளிதில் ஊறாத இஸ்திரியா சுண்ணாம்புக் கல்லை அடியில் பரப்பி, அதன்மேல் செங்கல் கட்டினார்கள். ஆனால் நகரம் தாழ்ந்து, கடல்மட்டமும் உயர்ந்திருப்பதால் (முழுப் பழியையும் படகின்மேல் போடலாகாது) அலைநீர் இப்போது செங்கல்லை எட்டுகிறது. நுண்புழை ஏற்றத்தால் உப்புநீர் சுவரில் ஏறுகிறது. நீர் ஆவியானதும் துளைகளுக்குள் உப்புப் படிகங்கள் வளர்ந்து செங்கல்லைப் பொடியாக்குகின்றன.

பெரிய உல்லாசக் கப்பல்களின் கதை வேறு. குறுகிய வழியில் கப்பல் செல்கையில், அது விலக்கிய நீர் பக்கத்து இடுக்கில் பின்னோக்கிப் பாய்கிறது. பெர்னூலி தத்துவப்படி, வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறைந்து நீர்மட்டம் தாழ்கிறது. கப்பல் கடந்ததும் நீர் பொங்கி எழுந்து அடிமட்டச் சேற்றைக் கலக்குகிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூதெக்கா கால்வாயில் செல்ல 2021 ஆகஸ்டில் தடை வந்தது. பல கப்பல்கள் மார்கெரா தொழில் துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டன. நகரின் நடுப்பகுதி தப்பியது. ஆனால் அவ்வழியும் காயலுக்குள்தான் இருக்கிறது!

1951-இல் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் பல, பயணியர் விடுதிகளாகிவிட்டன. 2024-இல் சில நாட்களுக்கு மட்டும், ஒரே நாளில் வந்து திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். படகின் வேகத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவதே இதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து. வேகம் குறைந்தால் அலையின் வீச்சு குறையும்.

உப்பின் வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தட்டில் உப்புநீர் ஊற்றி, பழைய செங்கல் ஒன்றை நிறுத்தி வையுங்கள். ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது, வெள்ளைப் பூப்பு எங்கே படிகிறது என்று நாள்தோறும் குறித்து வாருங்கள்.