போரில் தெரியும் நீர்மட்டம் எந்த அடுக்கின் மட்டம்?

கேள்வி: நெய்வேலிப் பக்கம் எங்கள் நிலத்தில் இரண்டு போர் இருக்கின்றன. ஒன்று 100 அடி, இன்னொன்று 500 அடி. ஐப்பசி மழைக்கு முதலாவதில் தண்ணீர் சட்டென்று ஏறுகிறது. இரண்டாவதில் அசைவே இல்லை. இங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி நீர்மட்டத்தை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? நாங்களே அளந்து எழுதி வைத்தால் அதற்கு மதிப்பு உண்டா?
– ஒரு விவசாயி, கடலூர் மாவட்டம்

பதில்: ஒரே நிலத்தில் இருந்தாலும் உங்கள் இரண்டு போரும் வேறு வேறு தண்ணீரைத் தொடுகின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலேயும் நீர் தாங்கும் மணல் அடுக்குகள் உண்டு, கீழேயும் உண்டு. மேலடுக்குக்கு உங்கள் வயலில் பெய்யும் மழையே நேராக இறங்குகிறது. கீழடுக்குக்கு மேற்குப் புறத்து மேட்டு நிலங்களில் பெய்யும் மழைதான் ஆதாரம். அது மணற்படுகை வழியாக மெல்ல நகர்ந்து வந்து, நிலக்கரிக்கும் களிமண்ணுக்கும் அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது.

அதனால் 500 அடி போரில் 120 அடியில் தண்ணீர் தெரிந்தால், தண்ணீர் இருக்கும் இடம் 120 அடி என்று கொள்ளக்கூடாது. கீழே உள்ள அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் அதுவரை தூக்கி நிறுத்தியிருக்கிறது. நீங்கள் பார்ப்பது அழுத்தத்தின் அளவு.

நெய்வேலியில் இந்த அழுத்தம் இயல்பாகச் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை இருந்தது. 60 முதல் 80 மீட்டர் உயர நீரின் எடைக்குச் சமம். மேலே உள்ள மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால், கீழிருந்து வரும் உந்துதலில் சுரங்கத்தின் தரையே வெடித்துக் கிளம்பும். அதைத் தடுக்கவே சுரங்கத்தைச் சுற்றிப் போர் போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். அழுத்தத்தைக் குறைப்பதுதான் நோக்கம், அடுக்கை வற்றவைப்பது அல்ல. ஆனால் அடைபட்ட அடுக்கு, காற்றடைத்த சைக்கிள் டியூப் மாதிரி: கொஞ்சம் வெளியேறினாலும் இறுக்கம் சட்டென்று தளரும். ஒரே அளவு தண்ணீரை எடுத்தால், மேலடுக்கில் இறங்குவதைப் போல நூறு மடங்குக்கு மேலும் இங்கே மட்டம் இறங்கலாம்; அந்த இறக்கம் பல கிலோமீட்டருக்குப் பரவும்.

ஆகவே கண்காணிப்பின் முதல் விதி, ஒரு கிணறு ஓர் அடுக்கையே பார்க்க வேண்டும் என்பது. பீசோமீட்டர் எனப்படும் கண்காணிப்புக் கிணற்றில், அளக்க வேண்டிய அடுக்கில் மட்டும் துளையிட்ட குழாயை இறக்கி, மற்ற இடங்களைச் சிமெண்டாலோ களிமண்ணாலோ அடைத்துவிடுவார்கள். ஒரே இடத்தில் இப்படி இரண்டு மூன்று ஆழங்களில் கிணறுகள் இருந்தால்தான் அடுக்குகளை ஒப்பிட முடியும். சுரங்க விளிம்பில் நெருக்கமாகவும், தள்ளிப்போகப் போக இடைவெளி விட்டும் அமைக்க வேண்டும். இறைப்பின் பாதிப்பு எட்டாத தூரத்திலும் சில தேவை; மழை பொய்த்ததால் வந்த இறக்கத்தைப் பிரித்துக் காட்டுபவை அவைதான். ஒவ்வொரு குழாயின் வாயும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிணற்றை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை வழக்கமாக ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது. பருவ மாற்றத்தை அறிய அது போதும். சுரங்கத்தருகே பம்புகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் சில நாட்களில் மாறுவதால், அங்கே தானியங்கிக் கருவி வேண்டும். கடலூர்க் கடற்கரைப் பக்கம் உப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அழுத்தம் காட்டும் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போனால் உவர்நீர் உள்ளே வர வாய்ப்புண்டு.

உங்கள் அளவுக்கும் மதிப்பு உண்டு, ஒழுங்காக எடுத்தால். போர் போட்டவரிடம் ஆழத்தையும், துளைக் குழாய் எந்த அடியிலிருந்து எந்த அடி வரை என்பதையும் எழுதி வாங்குங்கள். டேப்பை இறக்க, மோட்டார் குழாயோடு ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயையும் சேர்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை, விடியற்காலையில், இரவெல்லாம் மோட்டார் ஓடாமல் இருந்த பிறகு, ஒரே குறியிலிருந்து அளங்கள். அன்றைய மழையையும், பக்கத்து மோட்டார் ஓடியதா என்பதையும் குறித்துவையுங்கள்.

இரண்டு போரும் கோடையில் இறங்கி மழைக்கு ஏறினால் அது பருவத்தின் போக்கு. மேல் போர் ஏற, கீழ் போர் ஆண்டுக்காண்டு இறங்கினால் கீழடுக்கில் அழுத்தம் குறைகிறது. அதற்குச் சுரங்கம் மட்டும்தான் காரணம் என்று அப்போதும் முடிவு கட்டாதீர்கள். சுற்றுவட்டத்தில் எத்தனை ஆழமான போர்கள் புதிதாக வந்தன என்றும் பாருங்கள். சுரங்க விளிம்புக்கு அருகில் மேல் போரும் இறங்கினால், வெட்டிய பள்ளத்துக்குள் மேலடுக்கு வடிகிறதா என்று விசாரிக்க வேண்டும்.

சுரங்க விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது இந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அங்கே ‘நீர்மட்டம் எத்தனை அடி’ என்று மட்டும் கேட்காமல், எந்த அடுக்கில், எந்த மாதம், அந்த மாதம் எவ்வளவு இறைத்தபோது என்று சேர்த்துக் கேளுங்கள். இந்த மூன்றும் இல்லாத எண்ணை வைத்து உங்களாலும் எதையும் நிரூபிக்க முடியாது, அவர்களாலும் முடியாது.