உப்புக் காற்றில் இருபது வருடம்: சோலார் பெனல் பூட்டும் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பிரதான வீதியில் அமைந்துள்ள குருக்கள்மடத்திற்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. எழுவான்கரை என்று நாம் அழைக்கும் இந்த ஒடுங்கிய நிலப்பரப்பில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் உப்பும் ஈரமும் கலந்தே வரும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் நிலைமை இதுதான். கடைக் கதவும் ஜன்னல் கம்பியும் எவ்வளவு விரைவாகக் கறள் பிடிக்கின்றன என்பதை இப்பகுதி வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே காற்றில்தான் இன்று நாம் இலட்சக்கணக்கான ரூபாவைக் கூரைக்கு மேல் வைக்கிறோம்.

சோலார் பெனல் வாங்கும்போது எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். எத்தனை கிலோவாட்? என்ன விலை? மூன்றாவது கேள்வியைச் சிலரே கேட்கின்றனர். இது எத்தனை வருடம் வெளியில் நின்று பிடிக்கும்? உண்மையான இலாப நட்டம் இந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள்

2016 செப்டெம்பரில் 'சூரியபல சங்கிராமய' திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது ஒப்பந்தக் காலம் 20 வருடங்கள். முதல் 7 வருடங்களுக்கு ஓர் அலகுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 வருடங்களுக்கு 15.50 ரூபாவும் என விலை தீர்மானிக்கப்பட்டது. பின்னர் இணைந்தவர்களுக்கு விலைகள் மாறின. உதாரணத்திற்கு ஆரம்ப விலையையே எடுப்போம். 5 கிலோவாட் தொகுதி மாதம் 600 அலகுகள் அளவில் தரும் எனவும், முழுவதையும் விற்பதாகவும் வைத்துக்கொண்டால், முதல் 7 வருடங்களும் மாத வருமானம் 13,200 ரூபா. எட்டாவது வருடத்திலிருந்து 9,300 ரூபா.

போல்ட் கறள் பிடிப்பதும், கேபிள் உறை வெடிப்பதும், இன்வேர்ட்டர் உத்தரவாதம் முடிவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது காலப்பகுதியில்தான். வருமானம் குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. ஆகவே முதல் நாளில் நல்ல போல்ட்டுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபா வீண் செலவல்ல. அது பிந்திய 13 வருடங்களுக்கான முதலீடு.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் (ஐ.இ.சி.) 61215 என்ற தரம் பெனலின் தாங்குதிறனையும், 61730 பாதுகாப்பையும் பற்றியது. நமது பிரதேசத்திற்கு இவை மட்டும் போதாது. உப்பு மூடுபனிச் சோதனையான 61701 சான்றிதழையும், எந்தக் கடுமை நிலையில் பெனல் தேறியது என்பதையும் கேளுங்கள்.

2. உத்தரவாதப் பத்திரத்தை முழுமையாக வாசியுங்கள். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்திற்குள் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்றோ, விசேட நிபந்தனைகள் உண்டு என்றோ சில உற்பத்தியாளர்கள் எழுதியிருப்பார்கள். 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் வாங்குங்கள்.

3. பெனலின் பின்புறத் தாளையும் விசாரியுங்கள். 2010ஆம் ஆண்டையொட்டி உலகச் சந்தைக்கு வந்த ஒருவகைப் பொலியமைட் பின்தாள்கள் சில வருடங்களிலேயே வெடித்தன. முன்புறக் கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லாமல், பின்வழியாக ஈரம் உள்ளே போனது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

கூரை: இன்னும் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிய கூரையில் பெனல் பூட்டாதீர்கள். முதலில் கூரையை மாற்றுங்கள். தாங்கிகளைச் சீற்றில் அல்ல, கீழேயுள்ள மரத்திலோ இரும்புச் சட்டத்திலோ இறுக்க வேண்டும்.

காற்று: 1978 நவம்பர் 23 சூறாவளியை நமது பெரியவர்கள் மறக்கவில்லை. மணிக்கு 144 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 100 கிலோ நிறைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். இரண்டு சதுர மீற்றர் பெனலுக்கு அது 200 கிலோ. பெனலின் சொந்த நிறையோ 25 கிலோவுக்குள்தான். அது தன் பாரத்தால் நிற்கும் என்று எண்ணுவது தவறு. பிடிகள் எந்த இடத்தில் வர வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உற்பத்தியாளரின் கையேட்டில் இருக்கும்.

உலோகம்: அலுமினியமும் சாதாரண இரும்பும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால், அது ஒரு சிறு பெட்டரி போல வேலை செய்து உலோகத்தை அரித்துவிடும். ஆகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போடுங்கள். அதிலும் 304 ரகத்தைவிட 316 ரகம் உப்புக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இரு உலோகங்களுக்கிடையில் ரப்பர் அல்லது நைலோன் வாசர் வையுங்கள். எர்த் வயரைத் தனியாக முறைப்படி இழுக்க வேண்டும். கல்வனைஸ் இரும்பை வெட்டிய, துளைத்த இடங்களுக்கு நாகப் பூச்சு அவசியம்.

வெப்பம்: பெனலின் கொள்ளளவு 25 பாகை வெப்பநிலையில் கணிக்கப்படுகிறது. நண்பகலில் கூரையில் அது 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். கூரைக்கும் பெனலுக்கும் இடையில் குறைந்தது நான்கு அங்குல இடைவெளி விட்டால் காற்றோட்டம் கிடைக்கும்.

சாய்வு: நமது பிரதேசம் வட அகலக்கோடு ஏழரைப் பாகையளவில் இருக்கிறது. தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்தால் வெயிலும் கிடைக்கும், மழை நீர் தூசியைக் கழுவிக்கொண்டு போகும். மட்டமாக வைத்தால் கீழ்ச் சட்டத்தோரம் அழுக்குப் படியும்.

கேபிள்: சூரிய ஒளியைத் தாங்கும் இரட்டை உறைக் கேபிளையே பாவியுங்கள். அதைக் கூரையில் கிடக்க விடாதீர்கள். மலிவான பிளாஸ்டிக் கட்டுகள் வெயிலில் நொருங்கிவிடும். வெவ்வேறு கம்பனிகளின் இணைப்பான்களை ஒன்றோடொன்று பொருத்துவது தீ விபத்துக்கு வழி வகுக்கும்.

பொறுப்பேற்கும் நாள்

பூட்டியவர் மின்சாரம் வருவதைக் காட்டியதும் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுவது நமது வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு வரிசையினதும் வோல்ட்டளவு, காப்புத் தடை, எர்த் தடை ஆகியவற்றை அளந்து எழுதிய அறிக்கையைக் கேளுங்கள். ஐ.இ.சி. 62446 இதற்கான முறையைச் சொல்கிறது. பெனல்களின் தொடர் இலக்கங்களும் வயரிங் வரைபடமும் அதனுடன் இருக்க வேண்டும்.

முறாபஹா முறையில் வங்கி மூலம் வாங்குவோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல சந்தர்ப்பங்களில் வங்கியின் முகவராக நின்று பொருளைப் பொறுப்பேற்பது வாடிக்கையாளரே. பார்க்காமல் கையொப்பமிட்டால், பெனல் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் தவணை வந்துகொண்டே இருக்கும்.

வருடத்தில் இரு தடவை

மாரிக்கு முன் செப்டெம்பரிலும், மாரி முடிந்த பின் மார்ச்சிலும் பரிசோதனை செய்விப்பது நமது காலநிலைக்குப் பொருந்தும். கறள், தளர்ந்த பிடி, வெடித்த உறை, பெனலுக்குள் மஞ்சளித்த அல்லது குமிழி கண்ட இடம், பின்புறப் பெட்டியில் ஈரம், அணில் கடித்த வயர், கூரையில் விழுந்த தென்னை மட்டை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சம வெயிலில் ஒத்த வரிசைகளின் மின்னோட்டத்தை ஒப்பிட்டால் பலவீனமான வரிசை தெரிந்துவிடும். காப்புத் தடை ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். வெயில் உள்ளவரை பெனலில் மின் இருக்கும். ஆகவே இந்த வேலைகளைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

கழுவுவதை நாமே செய்விக்கலாம். அதிகாலையில், மென்மையான துணியால் கழுவுவதே முறை. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. வாவியோரக் கிணற்றின் உவர் நீர் வேண்டாம். அது காய்ந்தால் உப்புப் படியும். பெனல் மீது ஏறி நடப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உள்ளே விழும்.

இவற்றோடு ஒரு கொப்பியில் மாதாமாதம் உற்பத்தி அலகுகளை எழுதி வையுங்கள். இந்த ஜனவரியைச் சென்ற ஜனவரியோடு ஒப்பிடுங்கள். பெரிய வீழ்ச்சி தெரிந்தால் உத்தரவாதக் காலம் முடியுமுன் முறைப்பாடு செய்ய அந்தக் கொப்பியே சாட்சி.

விற்போருக்கும் ஒரு வார்த்தை

நம்மில் பலர் இன்று சோலார் விற்பனையிலும் பொருத்துவதிலும் இறங்கியுள்ளனர். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. பளபளக்கும் கண்ணாடிக்குக் கீழே மலிவான போல்ட்டை வைப்பது இதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. வாங்குபவர் கூரையில் ஏறிப் பார்க்கப் போவதில்லை. அவர் நம்மை நம்பியே பணத்தைத் தருகிறார். அந்த நம்பிக்கை ஓர் அமானத். எந்த ரகப் போல்ட், எந்தக் கேபிள், கடலோரத்திற்கு உத்தரவாதம் உண்டா இல்லையா என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிக் கொடுங்கள். சில ரூபா கூடினாலும், காரணத்தை விளக்கினால் வாங்குபவர் புரிந்துகொள்வார். அத்தகைய வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.