முந்தி முதிரும் மூளை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையோரம் எங்கும் தொழிற்சாலைகள் நிறைந்திருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அங்கே கார் தொழிற்சாலையில் பணிபுரியும் அண்ணனோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு காரை எந்த வரிசையில் உருவாக்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் தகடுகளைப் பற்றவைத்துக் கூடு செய்வார்கள். அதற்கு வர்ணம் பூசி, நூறு டிகிரிக்கும் மேல் சூடான அடுப்பறைக்குள் செலுத்தி உலர்த்துவார்கள். இருக்கைகளும் பிளாஸ்டிக் பாகங்களும் அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு இருக்கையை முன்கூட்டியே பூட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமா? இருக்கை பொசுங்கித்தான் போகும்!

குழந்தையின் மூளையும் இப்படி ஒரு கால ஒழுங்கில் கட்டப்படுவதே. ஒரு வேறுபாடு உண்டு. கார் கட்டி முடித்த பிறகே ஓடுகிறது; மூளையோ கட்டப்படும்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுமானத்தில் நேரம் தவறினால் கால்கை வலிப்பும் கற்றல் குறைபாடும் உண்டாகலாம் என்பதைக் காட்டிய ஓர் ஆராய்ச்சியை இங்கே காண்போம்.

முதலில், வலிப்பு என்றால் என்ன? நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. சில நரம்பணுக்கள் தம் அண்டை அணுக்களைத் தூண்டுகின்றன, சில அடக்குகின்றன. இந்தச் சமநிலை குலைந்து, பெருந்திரளான அணுக்கள் ஒரே சமயத்தில் துடிக்கும்போது வலிப்பு ஏற்படுகிறது. பேருந்து நிலையத்தில் யாரேனும் வலிப்பு வந்து விழுந்தால், உடனே ஒருவர் சாவிக்கொத்தைத் தேடுவார். இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது. விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று 2009இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் தெரிய வந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய சிலரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, ‘சின்கேப்-1’ என்னும் மரபணு சிலரிடம் பழுதுபட்டிருந்தது. அவர்களுள் வலிப்பு உடையோரும் இருந்தனர். பெற்றோரிடம் அந்தப் பழுது இல்லை; குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது அது. இத்தகைய குழந்தையைப் பெற்ற தாயைப் பழிப்போர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரு பிரதிகளாக இருப்பதைப் படித்திருப்பீர்கள். சின்கேப்-1இன் ஒரு பிரதி பழுதானால் அது தரும் புரதம் பாதியாகக் குறைகிறது. இந்தப் புரதத்தின் வேலை, தூண்டும் இணைப்புகள் அளவுமீறி வலுப்பெறாமல் தடுப்பது. அதாவது ஒரு பிரேக்.

பிரேக் பாதியானால் என்ன நேரும்? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கேவின் ரம்பாவின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கிளமென்ட்டும் அவருடைய சகாக்களும் சுண்டெலிகளிடம் இதைச் சோதித்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். நரம்பணுவின் கிளைகளில் முள் போன்ற நுண்ணிய முளைகள் இருக்கும். தூண்டும் செய்திகளை வாங்குபவை அவையே. சாதாரண எலிக்குட்டியில் இவை மெல்ல மெல்ல முதிர்கின்றன. பழுதுள்ள குட்டியிலோ, பிறந்த பதினான்காம் நாளுக்குள்ளாகவே பெருத்து முதிர்ந்துவிட்டன! முந்தி முதிர்ந்தது நன்மை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த எலிகளுக்கு வலிப்பு எளிதில் வந்தது, நினைவாற்றல் குன்றியது. முதிராத நிலை என்பது மூளை அனுபவத்துக்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்ளும் காலம். அந்தக் காலம் சுருங்கிவிட்டது.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. வளர்ந்த எலியில் அதே மரபணுவைப் பழுதாக்கிப் பார்த்தனர். இணைப்புகளில் பெரிய பாதிப்பு இல்லை. பிறவியிலேயே பழுதுள்ள எலியை, அது வளர்ந்த பின் சரிசெய்து பார்த்தனர், நடத்தை திருந்தவில்லை. என் மனத்தில் ஆழப் பதிந்த சோதனை இந்த இரண்டாவதுதான். பழுது நீங்கிய பிறகும் அதன் விளைவு நீங்கவில்லை!

அப்படியானால் கதவு அடைபட்டுவிட்டதா? முழுவதும் இல்லை. அதே ரம்பாவின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த எலிக்குப் புரதத்தை மீட்டுத் தந்தபோது நினைவாற்றலும் வலிப்பு தொடர்பான மூளை மின்னலைகளும் ஓரளவு சீரடைந்தன.

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியே செல்லும் நெடுஞ்சாலை பெங்களூருவை அடைகிறது. அந்நகரின் வடபகுதியான ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தியா திரும்பிய கிளமென்ட் தம் ஆய்வைத் தொடர்ந்தது அங்கேதான். 2022இல் வெளியான அவர் குழுவின் கட்டுரை ஒன்று, ‘6பயோ’ என்னும் சேர்மத்தை இளம்பருவ எலிகளுக்குக் கொடுத்ததைக் கூறுகிறது. அவற்றின் கற்றல் திறன் மேம்பட்டது, வலிப்பும் குறைந்தது. ஆனால் எலிக்கு உதவியது குழந்தைக்கு உதவுமா, பக்கவிளைவு உண்டா என்பதற்கெல்லாம் நீண்ட சோதனைகள் தேவை. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் காத்திருக்கிறது: எலிக்குட்டியின் பதினான்காம் நாள், மனிதக் குழந்தையின் எந்த மாதத்துக்கு, அல்லது எந்த ஆண்டுக்குச் சமம்?