கணக்குக் கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு

ஊரைத் திருத்தக் கிளம்புகிறவருக்குத் துணிச்சலும் பேச்சும் வேண்டும் என்பார்கள். இரண்டும் இருந்தும் ஆறே மாதத்தில் ஓய்ந்துபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ராஜஸ்தானில் தகவல் உரிமைக்குப் போராடிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனின் கதையைப் படித்தால், தேவைப்படும் குணங்கள் வேறு என்று தெரிகிறது.

செய்ய வேண்டியவை

• முதலில் அங்கே குடியிருங்கள். ஐ.ஏ.எஸ். வேலையை விட்ட அருணா ராயும் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் 1987இல் தேவ்டூங்ரி என்ற சிற்றூரில் மண் வீட்டில் குடியேறினார்கள். சங்கம் தொடங்கியதோ 1990 மே 1 அன்றுதான்.

• மக்கள் சொல்லும் குறையையே கையில் எடுங்கள். வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம். தகவல் உரிமை என்ற பெரிய பேச்செல்லாம் இந்தக் கூலிச் சண்டையில் பிறந்ததுதான்.

• ஆத்திரம் போதாது, ஆவணம் வேண்டும். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. மஸ்டர் ரோல் என்ற அந்தக் கூலிப் பதிவேட்டையும் பில்களையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செய்யாத வேலைக்குக் கூலி, வேலைக்கே வராதவர் பெயரில் கையெழுத்து என்று இத்தகைய விசாரணைகளில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேடைப் பேச்சு எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது.

• சலிக்காமல் இருங்கள். தகவல் உரிமை கேட்டு 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. தகவல் உரிமைக்கான மாநிலச் சட்டம் 2000இல், நாட்டுக்கான சட்டம் 2005இல்.

• சிரிக்கவும் வையுங்கள். சங்கர் சிங்கின் பொம்மலாட்டத்துக்குக் கூடிய கூட்டம் துண்டறிக்கைக்குக் கூடாது.

செய்யக்கூடாதவை

• நீங்கள் கேட்கும் கணக்கை உங்கள் பக்கம் மறைக்காதீர்கள். அந்தச் சங்கத்தின் முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவுக்கே எடுத்துக்கொண்டார்கள். தன் செலவைக் காட்டத் தயங்குகிறவர் ஊராட்சித் தலைவரிடம் ரசீது கேட்பது எனக்குக் கூச்சமாகவே படுகிறது.

• குற்றம் சாட்டப்பட்டவரின் வாயை அடைக்காதீர்கள். பொது விசாரணைக்கு அதிகாரிகளையும் ஊராட்சித் தலைவர்களையும் அழைத்துப் பதில் சொல்ல இடம் கொடுத்தார்கள். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த தலைவர்களும் உண்டு. முச்சந்தியில் நிறுத்தி ஏசியிருந்தால் கொடுத்திருப்பார்களா?

• தனியாளாக மனுப் போட்டு வீரம் காட்டாதீர்கள். தகவல் கேட்டதற்காகவே கொல்லப்பட்டவர்கள் இந்த நாட்டில் பலர். நாலு பேர் பெயரில் கேளுங்கள். மனு போட்ட விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கட்டும்.

• உங்கள் படம் போட்டு பிளக்ஸ் வைக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

• சட்டம் வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 2019இல் திருத்தம் வந்தது. தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் முடிவுசெய்யும் அதிகாரம் மத்திய அரசின் கைக்குப் போனது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ராஜஸ்தானுக்குப் போக வேண்டியதில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபை கூடத்தான் செய்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரவு செலவை வரிவரியாக, எல்லோர் காதிலும் விழும்படி படிக்கச் சொல்லுங்கள். படித்து முடிக்கும்வரை தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.